முதலில் கை தூக்கியவன் நான்
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

செயலாளர் ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். போண்டா ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன கூட்டத்தில் ஒரு வெள்ளிக் கொலுசு காணவில்லை என்ற பேச்சு வந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களின் பையை கேட்டில் சோதிக்க வேண்டும் என்றார்கள். முதலில் கை தூக்கியவன் நான்தான். வீட்டுக்குப் போன பிறகு மனசு உறுத்தியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் 22 வருஷம் இருந்தேன். காட்டன் வேஸ்ட், இன்சுலேஷன் டேப், ஒரு தடவை ஸ்பேனர் செட்டே என் டிபன் பையில் வீட்டுக்கு வந்திருக்கிறது. அந்த செட் இன்னும் பரணில் கிடக்கிறது. "எல்லாரும்தானே எடுக்கிறார்கள்" என்பேன். பக்கத்து மேஜைக்காரர் ஒரு பேனா ரீஃபில்கூட எடுத்ததில்லை. ஆனால் இருப்பு குறைந்தால் நான் முதலில் சந்தேகப்பட்டது அவரைத்தான்!

1977-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லீ ராஸ் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வர முடியுமா என்று மாணவர்களைக் கேட்டார்கள். சம்மதித்தவர்கள், பெரும்பாலோர் சம்மதிப்பார்கள் என்றார்கள். மறுத்தவர்கள், பெரும்பாலோர் மறுப்பார்கள் என்றார்கள். அவரவர் தன்னை வைத்துத்தான் ஊரை அளக்கிறார்கள்.

2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது இன்னொன்று. இந்தியா உட்பட 40 நாடுகளில், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை "கீழே கிடந்தது" என்று வங்கி, ஓட்டல், தபால் நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பு மேஜையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பணம் இருந்தால் திரும்பி வராது என்பதுதான் பொதுவான கணிப்பு. நடந்தது நேர்மாறு: 38 நாடுகளில் பணம் இருந்த பர்ஸுக்குத்தான் உரியவரை அதிகம் பேர் தொடர்புகொண்டார்கள்.

அவ்வளவு தூரம் ஏன், தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பேருந்து நிலையத்தில் காந்தி ஜெயந்தியன்று ஆளில்லாக் கடை போடுகிறார்கள். பொருளை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட வேண்டியதுதான்.

கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. கேமரா இருக்கட்டும், பதிவேடும் இருக்கட்டும். கொலுசு இன்னும் கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலேதான் அன்று கை தூக்கினேன்.

அந்தக் கையை இன்று இறக்குகிறேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, சோதனை வேண்டும்தான் என்று தீர்மானித்தால், குடியிருப்பவர்களின் பைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் என் பை.