ஆங்கில வாக்கியமும் நம் மாணவரும்



கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. 2021 ஆம் ஆண்டு வவுனியாவுக்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் உருவாயிற்று. உயர்கல்வி வன்னி மக்களின் வாயிலுக்கே வந்துவிட்டது. ஆயினும், உயர்தர வகுப்புவரை தமிழிலே கற்ற மாணவர் அங்கே ஆங்கிலத்தில் விடை எழுதவேண்டும். 2009 ஆம் ஆண்டுவரை நீடித்த போரிலே கூடாரத்திலும் மரத்தடியிலும் பாடங்கேட்ட தலைமுறையின் வழிவந்தோர் இவர்கள். பொருளை அறிந்திருந்தும் அதனை எழுத மாட்டாது நிற்பது எத்துணை வருத்தத்திற்குரியது!

இவர்கள் விடும் பிழைகளிற் பல அறியாமையால் நேர்வன அல்ல. தாய்மொழிப் பழக்கத்தால் நேர்வன. அதனை உணர்ந்தால் திருத்துவது எளிது.

“மழை பெய்து, இரணைமடு நிறைந்து, வயல் விளைந்தது” என்கின்றோம். பெய்து, நிறைந்து என்பன வினையெச்சங்கள். விளைந்தது என்பதொன்றே முற்றுவினை. ஆகவே இது ஒரே வாக்கியம். இதனை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் மூன்று எழுவாய்க்கும் மூன்று முற்றுவினைகளை அமைத்துவிட்டு, இடையிலே தமிழிற்போலக் காற்புள்ளியை மாத்திரம் இடுகின்றனர். அங்கே அவை மூன்று வாக்கியங்கள். ஒன்று முற்றுப்புள்ளியிட்டுப் பிரிக்கவேண்டும். அன்றேல் ‘அண்ட்’ போன்ற இணைப்புச் சொல்லாற் சேர்க்கவேண்டும். கருத்து நெருக்கமாயின் அரைப்புள்ளி இடலாம். காற்புள்ளி தனித்து நின்று இரு முழு வாக்கியங்களைத் தாங்காது.

அடுத்தது ‘எஸ்’ என்னும் எழுத்து. பெரும்பாலான பெயர்ச்சொற்களோடு சேர்ந்தால் அது பன்மை காட்டும். நிகழ்கால வினையோடு சேர்ந்தாலோ படர்க்கை ஒருமை காட்டும். ‘பாய் ரன்ஸ்’, ‘பாய்ஸ் ரன்’ என்பவற்றை ஒப்பிட்டு நோக்குக. எழுத்து ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்கின்றது. தமிழிலே ஓடுகிறான், ஓடுகிறாள், ஓடுகிறார்கள் என விகுதியே எல்லாவற்றையும் உணர்த்துவதால், இந்தச் சிறு எழுத்தை நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது, பெரிய எழுத்து. தமிழ் நெடுங்கணக்கில் இவ்வேறுபாடு இல்லை. வாக்கியத்தின் முதலெழுத்து, முல்லைத்தீவு முதலிய இடப்பெயர், ஆட்பெயர், கிழமை, மாதம், ‘நான்’ என்பதைக் குறிக்கும் ‘ஐ’ ஆகியன பெரிய எழுத்தைப் பெறும்.

இக்குறிகளெல்லாம் அந்நியமானவை என்று அஞ்சவேண்டா. நம் ஏட்டுச்சுவடிகளில் இன்றுள்ள நிறுத்தக்குறிகள் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தாம் அச்சிட்ட உரைநடை நூல்களில் அவற்றை ஆண்டார். பிறமொழியினின்று கொண்டதைத் தமிழ் தனதாக்கிக்கொண்டது.

எழுதியதை உரக்க வாசியுங்கள். எழுவாய் எது, முற்றுவினை எது என்று கோடிடுங்கள். கருத்து முடியுமிடத்தில் அஞ்சாது முற்றுப்புள்ளி இடுங்கள். நீண்ட பிழையினும் குறுகிய சரியான வாக்கியமே மேலானது. நாள்தோறும் ஐந்து வாக்கியங்கள் எழுதினாலும் போதும். குளம் துளித்துளியாகவே நிறைகின்றது.