ஆந்தை நமக்குப் பகையா?

தெலுக் இந்தான் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பழக்குலையைக் கொறிக்கும் எலிகளுக்கு அது விருந்து. எலி பெருகும் இடத்தில் நம் வீடுகளும் தப்புவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காற்புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்த எலிகளை இரவில் வேட்டையாடுவது வெள்ளை முக ஆந்தை. அதற்காகவே பல செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு மரக்கூண்டு வைக்கிறார்கள். நாமோ, அது அலறினால் சாவு வரும் என்று கல்லெறிகிறோம். கூண்டின் அடியில் கிடக்கும் உருண்டையைப் பிள்ளைகள் குச்சியால் கிளறிப் பார்க்கட்டும். எலியின் மயிரும் எலும்பும் தெரியும்.

கடுமையான எலி நஞ்சைத் தின்ற எலியை உண்டால் ஆந்தையும் மடியும். ஆகவே வீட்டில் பொறி வையுங்கள். அரிசியை மூடிய தகரத்தில் வையுங்கள். மிச்சச் சோற்றை வாசலில் கொட்டாதீர்கள். சுவர் ஓட்டைகளை அடையுங்கள். வெளியே உள்ள எலிகளை ஆந்தை பார்த்துக்கொள்ளும். அது தன் துணையைக் கூப்பிடவும் கத்தும். கல்லைக் கீழே போடுங்கள்.