சொற்பொழிவு வேண்டாம், சிறு வட்டம் போதும்

(நூற்றாண்டு விழாக் கருத்தமர்வில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டை முன்னிட்டுப் பெற்றோருக்கு ஏதாவது செய்வோம் என்றதும் எம் எல்லோர் மனதிலும் முதலில் வந்தவை மண்டபம், ஒலிபெருக்கி, சிறப்புப் பேச்சாளர். அதை மாற்றிக் கேட்கவே இங்கு நிற்கிறோம். பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கேள்விப்படாத பெற்றோர் இன்று குறைவு. களைத்து வீடு வந்த நேரத்தில் பிள்ளை கொப்பியைத் தூக்கி எறிந்தால் என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அது கேட்டு வருவதல்ல, பழகி வருவது.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மத்தியூ சாண்டர்ஸ் உருவாக்கிய ‘ட்ரிப்பிள் பி’ திட்டத்தின் குழு வடிவம் பத்துப் பன்னிரண்டு பெற்றோருக்கானது. இரண்டு மணிநேரச் சந்திப்புகள் சில. பின்னர் ஒவ்வொருவருடனும் தொலைபேசியில் தனி உரையாடல். தென்னாபிரிக்காவில், உலக சுகாதார ஸ்தாபனம், யுனிசெப் ஆகியவற்றின் துணையுடன் உருவான திட்டமொன்றில் பதின்ம வயதுப் பிள்ளைகளும் பெற்றோருடன் அமர்கிறார்கள். வரமுடியாதவரை வீடு தேடிச் சென்றும் சந்திக்கிறார்கள். கொவிட் காலத்தில் அதே பயிற்சி கைத்தொலைபேசிக் குழுக்களிலும் நடந்தது.

வடிவம் மாறலாம். மூன்று விடயங்கள் மாறக் கூடாது: குழுவில் நடித்துப் பார்ப்பது, வீட்டில் செய்து பார்ப்பது, திரும்பி வந்து நடந்ததைச் சொல்வது. இவை போனால் மிஞ்சுவது இன்னொரு சொற்பொழிவுதான்.

எமது ஊருக்கு எதை மாற்றலாம்? அம்மா வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடுகள் பல. அழைப்பிதழில் ‘தாய்மார்’ என்று அச்சிட்டால் அந்த அம்மம்மா வரமாட்டார், அப்பாவும் வரமாட்டார். ‘பிள்ளையை வளர்ப்பவர்’ என்று எழுதுவோம். தூரத்திலிருக்கும் தாய்க்கு வட்ஸ்அப்பில் குரற்பதிவு அனுப்புவோம். ரியூசன் வாசலில் பெற்றோர் காத்து நிற்கும் நேரத்தையே வகுப்பு நேரமாக்குவோம். ஒருவரையொருவர் தெரிந்த ஊர் இது. வட்டத்தில் சொன்னது வெளியே போகாது என்ற உறுதி முதல் நாளே வேண்டும். பிள்ளையின் வகுப்பாசிரியர் அதில் இல்லாதிருப்பதும் நல்லது.

எம்மிடையே ஓய்வுபெற்ற ஆசிரியைகள், தாதியர், உளவளத்துணையாளர் இருக்கிறார்கள். இத்தகைய பயிற்சி பெற்ற சகோதரிகள் கடல்கடந்தும் இருக்கக்கூடும். நாம் கேட்பது பெரிய தொகையல்ல: நடத்த இருவர், ஒரு வகுப்பறை, பத்துக் கதிரைகள், சில வாரங்கள். முதல் வட்டத்தை இந்த ஆண்டிலேயே தொடங்குவோம். பெயர் தரக்கூடியவர்கள் செயலாளரிடம் தாருங்கள்.