தொண்டர் தளர்வது ஏன்?



வெள்ளி விழா மேடையில் சாதனைகளைக் கூறுதல் மரபு. நாம் இன்று ஒரு குறையைக் கூற விழைகின்றோம். நம் இரவுப் பள்ளியில் பாடம் சொல்ல முன்வந்த இளைஞர் பலர், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒதுங்கிவிட்டனர். "ஆர்வம் குன்றிவிட்டது" என்று அவர்களைப் பழித்தோம். அது தவறு.

நியூயார்க் நகரின் இலவச மருத்துவ நிலையமொன்றில் தாமும் தொண்டாற்றிய உளவியலறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், 1974இல் இத்தளர்ச்சியை ஆராய்ந்து எழுதினார். ஈடுபாடு மிக்கோரே இதற்கு எளிதில் ஆளாகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை.

நம் மண்ணில் காரணங்கள் இன்னும் மிகுதி. தேவையோ பெரிது; கைகளோ சில. துயர் துடைப்பவரும் துயருற்றவரே. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, பிறர்க்கு அரிசி பங்கிட்ட நம் பிள்ளைகளின் குடிசைகளும் கூரையிழந்து கிடந்தன. மனு எழுதுவதும், தாலுகா அலுவலகத்தில் காத்து நிற்பதும், கணக்கு வைப்பதும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. அவருக்கு நாம் அளித்த கைம்மாறு நன்றியன்று, ஐயம். ஒருநாள் ஓய்ந்திருந்தாலும் அவர் நெஞ்சே அவரைக் குற்றம் சாட்டுகிறது.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் நம்மவர் 44 பேர் தீக்கிரையாயினர். அதன்பின் இம்மண்ணுக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர், 1981இல் 'லாப்டி' இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்றோர்க்கு நிலம் பெற்றுத் தந்தனர். பல்லாண்டுகள் அவர்கள் தளராது உழைத்தனர். நிலம் பெண்களின் பெயரில் பதிவாயிற்று. அப்பெண்களே போராட்டத்திலும் முன்நின்றனர். சுமை இருவர் தோளோடு நின்றுவிடவில்லை. நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.

மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28 என்பது வழக்கம். இடைப்பட்ட கோடையில் வாய்க்கால்களைத் தூர்வாருகின்றோம். தூர்வாராத வாய்க்காலில் எவ்வளவு நீர் வந்தாலும் கடைமடைக்குச் சேர்வதில்லை. தொண்டர் மனமும் அத்தகையதே.

ஆதலின் ஒவ்வொரு பணிக்கும் இருவரை அமர்த்துவோம். முறைவைத்து நீர் பாய்ச்சுவதுபோல முறைவைத்து உழைப்போம். ஆண்டுக்கு மூன்று திங்கள் ஓய்வளிப்போம். மாதந்தோறும் கணக்கைச் சபையில் படிப்போம். அன்றே தொண்டர் தம் மனக்குறையையும் சொல்லட்டும்.

அன்று ஒதுங்கிய ஒருவர் இன்று இப்பந்தலின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கின்றார். தம்பி, பிழை உம்முடையதன்று, எம்முடையது. ஓய்ந்தது போதுமெனில், மீண்டும் வருக! இம்முறை தனியே அல்ல.