பெயர் எழுதப்படாத தோட்டத்துப் பிள்ளைகள்

(தோட்டக் கமிட்டி நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது சங்கக் கூட்டங்களில் முல்லோயா கோவிந்தனை நினைவுகூராத ஆண்டில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி, சம்பள உயர்வுப் போராட்டத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் அவர் உயிரிழந்தார். இன்று அவரோடு சேர்த்து இன்னும் சிலரை நினைக்க விரும்புகிறோம். அவர்களும் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள்தான். ஆனால் மலாயாவில்.

நம் முன்னோர்களைக் கங்காணிமார் இங்கே அழைத்து வந்தது போலவே, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் குடும்பங்களை மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் அழைத்துப் போனார்கள். அங்கேயும் லயம், அங்கேயும் விடியற்காலைப் பெரட்டு. கையில் கொழுந்துக் கூடைக்குப் பதிலாகப் பால் வெட்டும் கத்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது, வேலை நின்றது, அரிசி இல்லை. சயாம் - பர்மா ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் காய்ச்சலாலும் கொலராவாலும் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மாண்டார்கள். அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு. நம்மவருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத்து இளைஞர்கள் திரண்டு சேர்ந்தார்கள். சுதந்திர ஆசையில் சேர்ந்தவர்கள் உண்டு. ரயில் பாதைக்குப் பிடிபடாமல் தப்பவும், பசிக்காகவும் சேர்ந்தவர்களும் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜான்சி ராணிப் படையிலும் பெரும்பாலானோர் தோட்டத் தமிழ்ப் பெண்கள்தான். கப்டன் லட்சுமியின் கீழ் அவர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள்.

1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. அடைமழையில் பின்வாங்கிய வழியில் குண்டுபட்டு இறந்தவர்களைவிட, பட்டினியாலும் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தவர்களே அதிகம். போஸ் 1945 ஜூலை 8ஆம் திகதி சிங்கப்பூரில் அவர்களுக்காக நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு திரும்பி வந்த ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். செங்கோட்டை விசாரணையில் நின்ற அதிகாரிகளின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. காட்டில் விழுந்த பால் வெட்டும் பையனின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை.

தோழர்களே, இதை ஏன் இங்கே பேசுகிறோம்? கோவிந்தனின் பெயர் இன்றும் இருப்பதற்குக் காரணம், தொழிலாளர்கள் அதை எழுதினார்கள், சொல்லிக்கொண்டே வந்தார்கள். நம்மிடையே இன்றும் செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். இதனால் ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்கு அலையும் குடும்பங்களை நாம் அறிவோம். பெயர் பிழையாகப் போனால் செத்தவருக்கு மட்டுமல்ல, பிழைத்திருப்பவருக்கும் நட்டம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு டிவிஷனிலும் தோட்டக் கமிட்டி ஒரு கொப்பி வைக்கட்டும். தாத்தா, பாட்டியின் முழுப் பெயர், வந்த ஊர், வேலை செய்த மலை, இறந்த நாள் எல்லாவற்றையும் படித்த பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். உயிரோடிருக்கும் பெரியவர்களின் ஆவணங்களில் பெயர் வேறுபட்டிருந்தால் உடனே தலைவரிடம் சொல்லுங்கள். திருத்துவதற்குச் சங்கம் கூட நிற்கும்.

மலாயாத் தோட்டங்களின் அந்தப் பிள்ளைகளுக்காகவும் கோவிந்தனுக்காகவும் இப்போது எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம்.