பை பிடிச்சது போதும், நீங்களும் ஏறுங்க

பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு தீம் பார்க் போயிட்டு வந்தவங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு நீங்க எத்தனை ரைடு ஏறினீங்க?

எங்க வீட்டுல மூணு தடவை போயிருக்கோம். மூணு தடவையும் நான் ஒரு மரத்தடியில நாலு ஜோடி செருப்பு, ஈரத்துண்டு, தண்ணி பாட்டிலுக்குக் காவல். பெரியவனுக்கு உயரம் சரியா இருக்கும், சின்னவளுக்குப் பத்தாது. அதனால என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். நாலாவது தடவை நாங்க ரெண்டு பேரு மட்டும் போனோம். அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

நாங்க போனது பெங்களூரு பக்கத்துல, மைசூரு ரோட்டுல பிடதியில இருக்கிற வொண்டர்லா. 2005-லேருந்து இருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்குப் போறது சுலபம். சென்னை, காட்பாடி பக்கம்னா மைசூரு வந்தே பாரத். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், தர்மபுரிக்காரங்களுக்கு பெங்களூரு வந்தே பாரத். பெங்களூரு மெஜஸ்டிக் வந்துட்டீங்கன்னா பர்ப்பிள் லைன் மெட்ரோவுல கெங்கேரி வரைக்கும் போயி, அங்கேருந்து ஆட்டோவோ டாக்சியோ எடுத்துக்கலாம்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பிள்ளைங்களை யாருகிட்ட விடுறது? உங்க அம்மாவோ மாமியாரோ, யாரா இருந்தாலும் ஒரு மாசம் முன்னாடியே கேளுங்க. "அத்தை, ரெண்டு ராத்திரி பாத்துக்க முடியுமா?"ன்னு நேரா கேளுங்க. ஆபீஸ் வேலைன்னு பொய் சொல்லாதீங்க. பிள்ளைங்ககிட்டயும் பொய் வேண்டாம். "அப்பாவும் அம்மாவும் ரெண்டு நாள் ஊருக்குப் போறோம், புதன்கிழமை வந்துடுவோம்"னு காலண்டர்ல வட்டம் போட்டுக் காட்டுங்க. எங்க சின்னவ முதல் நாள் அழுதா. எனக்கும் ரயில் ஏறுற வரைக்கும் மனசு கேக்கலை. தப்புப் பண்றோமோன்னு ஒரு உறுத்தல் இருந்துக்கிட்டே இருந்துச்சு. அந்த உறுத்தல் வரும்ங்க, வரட்டும். அதுக்காகக் கிளம்பாம இருந்துடாதீங்க. ரெண்டு ராத்திரி பாட்டிகூட இருந்த பிள்ளைக்கும் அது ஒரு பண்டிகைதான்.

ஒரு தாள்ல மருந்து, டியூஷன் நேரம், ஆட்டோக்காரர் நம்பர், டாக்டர் நம்பர் எல்லாம் எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுங்க. இன்னொண்ணு, பார்க்குல போன் லாக்கர்லதான் கிடக்கும். அதனால மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நாங்களே கூப்பிடுறோம்னு சொல்லிட்டுப் போங்க. நடுவுல நீங்க எடுக்கலைன்னு அவங்க பதறக் கூடாது பாருங்க.

எப்ப போறது? பள்ளிக்கூடம் நடக்கிற வார நாள்ல போங்க. பிள்ளைங்க இல்லாம போறவங்களுக்குக் கிடைக்கிற பெரிய வசதியே அதுதான். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கும் ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டிக்கெட்டும் வார நாள்ல குறைவு. தசரா லீவு, கிறிஸ்துமஸ் சமயம் வேண்டவே வேண்டாம். ஜூலை கடைசி எனக்குப் பிடிச்ச சமயம். புது வகுப்புல பிள்ளைங்க பழகியிருப்பாங்க, அங்க வெயிலும் இதமா இருக்கும்.

முதல் நாள் பார்க்குக்குள்ள போகாதீங்க. இதை நான் அழுத்தியே சொல்றேன். மத்தியானம் போய் இறங்குங்க, சாப்பிடுங்க, தூங்குங்க. யாரும் எழுப்பாத ஒரு தூக்கம் கடைசியா எப்ப தூங்கினீங்க, யோசிச்சுப் பாருங்க. பார்க்கை ஒட்டியே அவங்க விடுதி இருக்கு, செலவு கொஞ்சம் கூட. பிடதியிலயும் ராமநகரத்துலயும் சாதாரண லாட்ஜும் இருக்கு. ராத்திரி எட்டு மணிக்கே படுத்தாலும் தப்பில்லை.

மறுநாள் முழுக்க பார்க். காலையில ரெண்டு இட்லியோட நிறுத்திக்குங்க, வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுச் சுத்துற ரைடுல ஏறினா குமட்டும். கேட் திறந்ததும் தண்ணிப் பக்கம் போகாம, பெரிய ரைடுங்களை முதல்ல முடிங்க. 'ரீகாயில்'னு ஒரு ரோலர் கோஸ்டர். மூணு இடத்துல தலைகீழாப் புரட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, வந்த வழியே பின்பக்கமா இழுத்துக்கிட்டு வரும். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவர் "அம்மா"ன்னு கத்தினாரு. பதினாலு வருஷத்துல அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. இறங்கினதும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கலை.

ஆனா பிரஷர், இதயக் கோளாறு, கழுத்து வலி, முதுகுத் தண்டு வலி இருந்தா இந்த மாதிரி ரைடு வேண்டாம். ஒவ்வொரு ரைடு வாசல்லயும் போர்டு இருக்கும், நின்னு படிங்க. நாப்பது தாண்டினவங்க கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரஷர் பாத்துக்கிட்டுப் போறது நல்லது. ஒருத்தருக்கு முடியலைன்னா இன்னொருத்தர் கட்டாயப்படுத்தாதீங்க.

பெண்களுக்கு ரெண்டு வார்த்தை. மாதவிலக்குத் தேதியைப் பாத்துட்டு நாள் குறிங்க. தண்ணி ரைடுக்குப் பருத்தி உடை, புடவை, சுடிதாரோட விட மாட்டாங்க, நைலான் இல்லைன்னா லைக்ரா உடை வேணும். முழுக்கை, முழுக்கால் மூடுற மாதிரியே கிடைக்குது, ஊர்லயே வாங்கி ஒரு தடவை போட்டுப் பாத்துக்குங்க. கூச்சமா இருக்குன்னு கரையில உக்காந்துடாதீங்க. தாலிச் செயின், மோதிரம், கம்மல் எல்லாம் வீட்டுலயே பத்திரமா இருக்கட்டும், மஞ்சக் கயிறு போதும். கண்ணாடி போடுறவங்க பின்னால கட்டுற கயிறு ஒண்ணு வாங்கிக்குங்க.

எல்லா ரைடும் ஏறியாகணும்னு கணக்கு வச்சுக்காதீங்க. நாங்க மத்தியானத்துக்கு மேல அவசரமே படலை. வெந்நீர் மழையில பாட்டுப் போட்டு ஆட விடுற மழை டிஸ்கோவுல அரை மணி நேரம் நின்னோம். சாயங்காலம் உசரமான கட்டடத்து மேல வச்சிருக்கிற ஸ்கை வீல்ல ஏறி, ராமநகரத்துப் பாறை மலைப் பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். 'ஷோலே' படம் எடுத்த மலைங்க அந்தப் பக்கம்தான். அங்க உக்காந்துதான், மாடி வீடு கட்டுறதைப் பத்தி ரெண்டு வருஷமாத் தள்ளிப் போட்ட பேச்சை நிதானமாப் பேசினோம்.

மூணாவது நாள் காலையில பிடதி தட்டு இட்லி சாப்பிட்டுட்டு, நேரம் இருந்தா ராமநகரம் தாண்டி சன்னபட்டணம் போய்ட்டு வாங்க. வெப்பாலை மரத்துல கடைஞ்சு, அரக்குச் சாயம் ஏத்தின பொம்மைங்க ரோட்டோரக் கடையிலயே கிடைக்கும். சின்னவளுக்குப் பம்பரமும் பெரியவனுக்கு ரயில் வண்டியும் எடுத்தோம். பாத்துக்கிட்ட அத்தைக்கு ஒரு மரக் குங்குமச் சிமிழ். அதை எடுக்க மறந்துடாதீங்க, அடுத்த வருஷமும் அவங்ககிட்டதானே கேக்கணும்.