அளவெடுக்காமல் சட்டை தைக்கலாமா?

  

எதிரணித் தம்பி ரொம்ப ஆசையாப் பேசிட்டுப் போனாரு. பிரான்சிலே இரண்டு மாடி ரயில் 300 கிலோமீட்டர் வேகத்துல பறக்குதாம். ஒரு வண்டியிலே 500 பேருக்கு மேல உட்காரலாமாம். அதை அப்படியே அமெரிக்காவுல தினமும் ஆபீஸ் போறவங்களுக்கு விட்டா நெரிசல் தீர்ந்துடுமாம். அடுத்த வீட்டுப் பையன் சட்டை அழகா இருக்குன்னு வாங்கி நம்ம பிள்ளைக்கு மாட்டினா என்ன ஆகும்? கை ஒரு பக்கம் தொங்கும், கழுத்து ஒரு பக்கம் இறுக்கும்! (சிரிப்பு)

ஐயா, அந்தப் பிரெஞ்சு ரயில்ல ஒரு பெட்டிக்குப் பக்கத்துக்கு ஒரே கதவுதான். ஊர் விட்டு ஊர் போறவங்களுக்கு அது போதும், நிதானமா இறங்குவாங்க. ஆபீஸ் ரயில் அப்படியா? சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சான்ஹோசே வரைக்கும் சுமார் 75 கிலோமீட்டர். அதுக்குள்ள 20 நிறுத்தத்துக்கு மேல. ஒவ்வொரு நிறுத்தத்துலயும் மாடியிலிருந்து இறங்கி ஒரே கதவுல வரிசை நின்னா, ஆபீஸ் போய்ச் சேரும்போது சாப்பாட்டு மணி அடிச்சுடும்! (சிரிப்பு, கைதட்டல்)

"அந்தத் தடத்துலதான் 2024 ஆகஸ்ட் முதல் சுவிஸ் கம்பெனியோட இரண்டு மாடி மின்சார ரயில் ஓடுதே"ன்னு தம்பி கேட்டாரு. ஓடுது. நல்லாவே ஓடுது. அதுதான் என் கட்சிக்குச் சாட்சி! அது அதிவேக ரயில் இல்லை, ஆபீஸ் ரயில். அந்த ஊருக்குன்னே அளவெடுத்து, அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துலேயே கட்டினது. அங்கே அது போற உச்ச வேகம் மணிக்கு 127 கிலோமீட்டர்தான். ஆனா எல்லா நிறுத்தத்துலயும் நின்னு போற வண்டிக்கு 100 நிமிஷம் ஆனது, இப்போ சுமார் 75 நிமிஷம். எப்படி? முன்னே ஒரு டீசல் இன்ஜின் மொத்தப் பாரத்தையும் இழுத்துச்சு. இப்போ பல பெட்டிகள்ல மோட்டார் இருக்கு. நின்ன இடத்திலிருந்து சட்டுனு கிளம்புது. ஜெயிச்சது பறக்கிற வேகம் இல்லை ஐயா, கிளம்புகிற வேகம்! (கைதட்டல்)

சட்டம் தடையா இருந்தது உண்மைதான். மோதினா தாங்கணும்னு பெட்டியை ரொம்பக் கனமாக் கட்டச் சொன்னாங்க. 2018-ல விதியை மாத்தி வேற வழியும் கொடுத்துட்டாங்க. சட்டத்தைத் திருத்தலாம். சுரங்கத்தைத் திருத்த முடியுமா? நியூயார்க்கிலே ஹட்சன் ஆத்துக்கு அடியிலே போற சுரங்கம் 1910-ல திறந்தது. அதுக்குள்ள நுழையறதுக்காகவே நியூஜெர்சிக்காரங்க உயரம் குறைஞ்ச இரண்டு மாடிப் பெட்டியைத் தனியாச் செய்ய வச்சு, 2006-ல ஓட்டினாங்க. பிளாட்பாரம் அங்கே தண்டவாளத்துக்கு மேலே 48 அங்குலம், சான்பிரான்சிஸ்கோ தடத்திலே 8 அங்குலம். ஒரே நாட்டுக்குள்ளேயே இத்தனை வித்தியாசம்! கடல் தாண்டி வர்ற வண்டி இதுல எந்தப் படியில கால் வைக்கும்?

ஜப்பானைப் பாருங்க. "மேக்ஸ்"னு இரண்டு மாடி புல்லட் ரயில். 16 பெட்டியிலே 1,634 இருக்கை. தூரத்து ஊர்லேருந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வர்றவங்களுக்கு அது பெரிய உதவி. ஆனா வேகம் 240-க்கு மேல இல்லை. 2021 அக்டோபர்ல அதுக்கு ஓய்வு கொடுத்து, ஒரு மாடி ரயிலை விட்டாங்க. பிறந்த வீட்டிலேயே நிலைக்காத பொண்ணைப் புகுந்த வீட்டுல கட்டாயப்படுத்தலாமா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே! இது வேடிக்கைப் பேச்சு மட்டும் இல்லை. தப்பான வண்டி வாங்கினா முப்பது வருஷம் அதோட குடித்தனம் பண்ணணும். காசு ஜனங்களோட வரிப்பணம். நேரமோ, வீட்டுல பிள்ளைங்க தூங்கறதுக்கு முன்னாடி வந்து சேரணும்னு தவிக்கிற தாயோட நேரம். அவங்களுக்கு 300 கிலோமீட்டர் வேகம் வேண்டாம். அகலமான கதவு, சரியான படி, சட்டுனு கிளம்புகிற வண்டி, அதுதான் வேணும். வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வரட்டும், அளவெடுத்து வரட்டும். அதிவேக இரட்டை மாடி ரயில் அப்படியே பொருந்தாது, பொருந்தாது என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.  (பலத்த கைதட்டல்)